ஆக்சிலேட்டருக்கு அடியில் புளி

"வண்டி இழுக்க மாட்டேங்குது தாயி," என்றார் ஜக்கையன்.

"எதுக்கு இழுக்கணும்?" என்றாள் யமுனா.

ஜக்கையனுக்குச் சுருக்கென்றது. மீசை நரைக்கிற வரைக்கும் மலையிலேயே வண்டி ஓட்டின மனுஷன். அவரைப் பார்த்து, வண்டி எதுக்கு இழுக்கணும் என்று கேட்டால்?

ஆனால் கேட்பது யமுனா. அவள் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

போடியிலிருந்து முந்தல் போகிற ரோட்டில், மலை ஏற ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அவள் ஷெட். டீசல் காருக்கு ரீமேப் செய்கிறவள். எஞ்சினைப் பிரித்துப் போடுகிற சோலியெல்லாம் கிடையாது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் செருகுவாள். லேப்டாப்பைத் திறப்பாள். எவ்வளவு மிதித்தால் எவ்வளவு டீசல் பாய வேண்டும், டர்போ எந்த நேரத்தில் ஊத வேண்டும் என்று கம்பெனிக்காரன் வண்டியின் மூளைப் பெட்டியில் எழுதி வைத்ததை மாற்றி எழுதுவாள். தூங்கி வழிந்துகொண்டு வந்த வண்டி துள்ளிக்கொண்டு திரும்பும்.

அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி. எதுக்கு?

பதில் சரியில்லை என்று பட்டால் லேப்டாப்பை மூடிவிடுவாள். மூடினால் மூடினதுதான். எம்.எல்.ஏ. வீட்டு வண்டியே திரும்பிப் போயிருக்கிறது.

டிரைவர்கள் அவளுக்கு 'எதுக்கக்கா' என்று பேர் வைத்திருந்தார்கள். சிலர் கிண்டலாக 'குரு' என்பார்கள். கிண்டல் செய்தவர்களும் அவளிடம்தான் வந்து நின்றார்கள். வயது என்று பார்த்தால் ஜக்கையனின் மகளுக்கு மூத்தவளாக ஒரு பெண் இருந்திருந்தால் இவள் வயதுதான் இருக்கும்.

ஜக்கையன் வந்தபோது அவருக்கு முன்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். முதல் ஆள் தேனியிலிருந்து வந்த வாலிபன்.

"கரும்புகை வரணும்க்கா. பின்னாடி வர்றவனுக்கு ரோடே தெரியக் கூடாது."

"எதுக்கு?"

"ஒரு கெத்துதான்."

"வீட்டுல உன்கிட்ட யாரும் பேசுறதில்லையா?"

அவன் முகம் விழுந்துவிட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான்.

அடுத்த ஆள் ஏலக்காய் வியாபாரி. "மூட்டை ஏத்துனா ஏத்தத்துல வண்டி மூச்சு வாங்குதும்மா."

"எதுக்கு?"

"ஏலம் தொடங்கறதுக்குள்ள சரக்கு போய்ச் சேரணும்ல."

யமுனா மறுபேச்சுப் பேசவில்லை. ஒயரைச் செருகினாள். வேலை முடிந்தது.

ஜக்கையன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அட, இவ்வளவுதானா, லோடு என்று சொன்னால் போதும் போலிருக்கிறதே என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

"லோடு தாயி," என்றார் இப்போது. "எஸ்டேட்டுக்கு ஆளுகள ஏத்திட்டுப் போறேன்ல."

யமுனா காரின் பின்சீட்டை எட்டிப் பார்த்தாள். சீட்டு கவர் துவைத்து மாட்டின மாதிரி சுருக்கம் இல்லாமல் இருந்தது.

"ஆளுக ஏறி நாளாச்சு போலயேண்ணே."

"இப்ப பொம்பளைக எல்லாரும் செல்வம் ஜீப்புல போறாளுக. அவன் பறக்குறான்."

"அப்ப லோடு இல்லை."

"இல்லை," என்று ஒத்துக்கொண்டார் ஜக்கையன். "மைலேஜ்னு வச்சுக்கயேன்."

"சவாரியே இல்லாத வண்டிக்கு மைலேஜ் எதுக்கு?"

டீ குடித்துக்கொண்டு நின்ற இரண்டு டிரைவர்கள் சிரித்தார்கள். ஜக்கையனும் சிரித்து வைத்தார். உள்ளே எரிந்தது.

"சரி, ஓவர்டேக். முன்னாடி லாரி போனா போடிமெட்டு வரைக்கும் அதுக்குப் பின்னாடியே ஊர்ந்துக்கிட்டுப் போறேன். ஆக்சிலேட்டர மிதிச்சா வண்டி கேக்க மாட்டேங்குது."

"மிதிச்சா கேக்க மாட்டேங்குதா?"

"ஆமா."

யமுனா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். உள்ளே ஸ்டவ்வில் மத்தியானச் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. வரும்போது கையில் புளி. அதை உருட்டி உருண்டையாக்கிக்கொண்டே வந்தாள்.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்து முட்டிபோட்டு உட்கார்ந்தாள். ஆக்சிலேட்டருக்கு அடியில், தரையோடு தரையாகப் புளியை அழுத்தி ஒட்டினாள். பிசுபிசுவென்று அப்படியே ஒட்டிக்கொண்டது.

"என்ன தாயி இது?"

"புளி."

"புளின்னு தெரியுது."

"போடிமெட்டு வரைக்கும் போயிட்டு வாங்க. குனிஞ்சு இதைப் பாக்காதீங்க, ரோட்டைப் பாருங்க."

"எதுக்கு?"

"அது நான் கேக்குற கேள்விண்ணே."

டீ குடிக்கிறவர்கள் மறுபடி சிரித்தார்கள். இந்தத் தடவை ஜக்கையன் சிரிக்கவில்லை. வண்டியை எடுத்தார்.

மலை அவருக்குப் புதுசா என்ன? எந்த வளைவில் எந்த கியர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இரண்டு கொண்டைஊசி வளைவு தாண்டியதும் முன்னால் ஒரு கேஸ் சிலிண்டர் லாரி. ஜக்கையன் பின்னால் ஒட்டிக்கொண்டார். நேர் ரோடு வந்தது. எதிரே ஒன்றுமில்லை. தாண்டவில்லை. அடுத்த நேர் ரோடும் வந்தது. அப்போதும் தாண்டவில்லை.

பின்னால் ஹாரன். செல்வத்தின் ஜீப் அவரையும் லாரியையும் சேர்த்துத் தாண்டிப் போனது. உள்ளே இருந்த பெண்கள், ஒரு காலத்தில் அவர் வண்டியில் போனவர்கள், கை காட்டிவிட்டுப் போனார்கள். எல்லாம் நல்ல பெண்கள்தான். கேலி ஒன்றும் இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

போடிமெட்டுக்குப் போனார். வண்டியைத் திருப்பினார். இறங்கி ஷெட்டுக்கு வந்து சேர்ந்தார்.

யமுனா சாப்பிட்டு முடித்திருந்தாள். கதவைத் திறந்து குனிந்து பார்த்தாள். அவரையும் பார்க்கச் சொன்னாள்.

புளி உருண்டை உருண்டையாகவே இருந்தது. யமுனாவின் விரல் தடம் கூட அழியவில்லை.

"வண்டியில இழுவை இருக்குண்ணே. நீங்கதான் பாதி மிதிக்கு மேல போகவே இல்லை. நீங்க கேக்காம அது எப்படிக் குடுக்கும்?"

ஜக்கையனுக்கு முகம் சிவந்து போனது.

"பயந்தாங்கொள்ளிங்கிற. அப்படித்தான?"

"நான் புளியப் பத்தித்தான் சொன்னேன்."

ஜக்கையன் விறுவிறுவென்று ரோடு வரைக்கும் நடந்து போனார். ரோட்டில் ஒரு நிமிஷம் நின்றார். திரும்பி வந்தார். கவிழ்த்துப் போட்டிருந்த ஆயில் டப்பா மேல் உட்கார்ந்தார். டீ குடிக்கிற ஆட்களை யமுனா ஒரு பார்வை பார்த்தாள். அவர்கள் கிளாஸை வைத்துவிட்டு நழுவினார்கள். ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர் குடித்தார். சொம்பைக் கீழே வைக்காமலே பேசினார்.

"என் சம்சாரம் பேரு போதுமணி. எஸ்டேட்டுல காய் பறிக்கப் போவா. என் வண்டியிலதான் போவா, என் வண்டியிலதான் வருவா. ஒரு நாள் நெஞ்சு வலிக்குதுன்னா. தூக்கிப் போட்டுக்கிட்டு இறங்குனேன். அப்ப வேற வண்டி, பழசு. மிதிச்சேன் பாரு, அன்னைக்கு மிதிச்சேன். மலையில அப்படி ஓட்டவே கூடாது. வளைவுக்கு வளைவு அவ இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயுறா. என் தோளப் பிடிச்சு, 'மெதுவாப் போங்க'ன்னா. அதுக்கப்புறம் அவ பேசல."

யமுனா சொம்புக்குக் கை நீட்டினாள்; அவர் கொடுக்கவில்லை.

"அந்த வண்டிய வித்துட்டேன். இது புதுசா வாங்கினது. காலுக்குத்தான் மறக்க மாட்டேங்குது. பாதி வரைக்கும் போகும். அதுக்கு மேல போகாது. நான் சொன்னாலும் கேக்காது. அதான் உன்கிட்ட வந்தேன். நான் மிதிக்கலேன்னாலும் வண்டி போகணும். கம்ப்யூட்டர்ல அப்படி எழுத முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லு."

"முடியும்," என்றாள் யமுனா.

ஒயரை எடுத்துச் செருகினாள். லேப்டாப்பைத் திறந்தாள்.

"கால லேசா வச்சாலே போதும், நெறைய மிதிச்ச மாதிரி எடுத்துக்கும். பெரிய வேலை ஒண்ணுமில்ல."

ஜக்கையனுக்கு அப்பாடா என்று இருந்தது. உண்மையைச் சொன்னால்தான் இங்கே காரியம் நடக்கும் என்று தெரிந்திருந்தால் காலையிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே.

யமுனாவின் விரல் நின்றது.

"இத்தனை வருஷம் இந்தக் காலோடதான ஓட்டினீங்க. இப்ப மட்டும் எதுக்கு?"

விடமாட்டாள் போலிருக்கிறதே.

"மக மாசமா இருக்கா," என்றார் ஜக்கையன். "கௌமாரி. மெட்டுக்குப் பக்கத்து எஸ்டேட்டுலதான் கட்டிக் குடுத்திருக்கேன். மாப்பிள்ளை சூப்பர்வைசர். வளைகாப்பு முடிஞ்சிருச்சு. முறைப்படி பாத்தா தலைப்பிரசவத்துக்கு நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். வந்து? வீட்டுல ஒரு பொம்பளை உண்டா? யாரு பாப்பா? அதனால சம்பந்தி வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன். நாள் நெருங்கிருச்சு. வலி எடுத்தா தேனி ஆஸ்பத்திரிக்கு இறக்கணும். நான் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். வேண்டாம்ப்பா, நான் செல்வம் அண்ணன் ஜீப்புல போய்க்கிறேன்ட்டா."

அவர் துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.

"பெத்த மக. அப்பன் வண்டி இருக்கயில அடுத்தவன் ஜீப்புங்கிறா. ஊருற வண்டின்னு அவளுக்கும் தெரிஞ்சு போச்சு. இதச் சரி பண்ணிக் குடு தாயி. அவ என் வண்டியிலதான் இறங்கணும்."

யமுனா மலையைக் கை காட்டினாள்.

"இறங்கி வர்றதுக்கு இழுவை எதுக்குண்ணே?"

ஜக்கையன் மலையைத் திரும்பிப் பார்த்தார்.

மலையில் ஓட்டுகிற எவனுக்கும் தெரிந்த விஷயம். இறக்கத்தில் ஆக்சிலேட்டருக்கு என்ன வேலை? சின்ன கியரில் போட்டு, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு வர வேண்டியதுதான். வண்டி தானாக வரும். இத்தனை காலம் ஓட்டினவருக்கு இது எப்படி உறைக்காமல் போனது? ஜக்கையனுக்கு வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

"உங்க வண்டி ஊருதுன்னு மக சொன்னாளா?" என்றாள் யமுனா.

"சொல்லித்தான் தெரியணுமா?"

"கேட்டீங்களா?"

ஜக்கையன் சொம்பைக் கீழே வைத்தார்.

யமுனா லேப்டாப்பை மூடினாள்.

"மூடாத தாயி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"லோடுன்னீங்க, மைலேஜுன்னீங்க, ஓவர்டேக்குன்னீங்க, ஊருதுன்னீங்க. எல்லாம் நீங்க சொன்னதுதான். அவ சொன்னது ஒண்ணுகூட இல்லை. நான் கேக்குறத அவகிட்டக் கேட்டுட்டு வாங்க. அவ என்ன சொல்றாளோ அதுக்கு எழுதித் தர்றேன்."

ஒயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜக்கையன் மறுபடி மலை ஏறினார். வழியெல்லாம் அவருக்குக் கோபம். முதலில் யமுனா மேல். பாதி ஏற்றத்தில் செல்வம் மேல். மெட்டை நெருங்கும்போது யார் மேல் என்று தெரியவில்லை. எஸ்டேட் குவார்ட்டர்ஸ் முன்னால் வண்டியை நிறுத்தும்போது கோபம் போயிருந்தது.

கௌமாரி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கால் வீங்கியிருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. மாப்பிள்ளை ஏலக்காய் ஸ்டோரில், மாமியார் ரேஷன் கடையில்.

"என்னப்பா, இன்னைக்கு ரெண்டு தடவை மேல வந்திருக்கீங்க? மத்தியானம் மெட்டுல வண்டியத் திருப்புனத இங்கருந்து பாத்தேன். இங்க வருவீங்கன்னு சோத்துல தண்ணி ஊத்தாம வச்சிருந்தேன். நீங்கபாட்டுக்குப் போயிட்டீங்க."

"புளிய ஏத்திக்கிட்டு வந்தேன். அதான் நிக்க முடியல."

"எத?"

"ஒண்ணுமில்ல, விடு."

அவர் உட்காரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகளிடம் ஒரு கேள்வி கேட்க இவ்வளவு கஷ்டமா?

"ஆஸ்பத்திரிக்குச் செல்வம் ஜீப்புல போறேன்னியே ஆத்தா. எதுக்கு?"

கௌமாரி நிமிர்ந்து பார்த்தாள். அப்பா இப்படியெல்லாம் கேட்கிற ஆள் இல்லை. வேண்டாம் என்றால் சரி என்று போய்விடுகிற ஆள்.

"நீங்க என்ன நெனச்சீங்க?"

"என் வண்டி மெதுவாப் போகும்னு."

"மெதுவாப் போற வண்டிதான்ப்பா எனக்கு வேணும். வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு அந்த அண்ணன் ஜீப்புல குலுங்கிக்கிட்டுப் போகணும்னு எனக்கென்ன ஆசையா?"

"பின்ன?"

"வழியில எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா..."

"வாயக் கழுவு."

"கேட்டீங்கள்ல, சொல்ல விடுங்க. வழியில எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா செல்வம் அண்ணன் வருத்தப்படும். ரெண்டு நாள் கழிச்சு வண்டிய எடுக்கும். நீங்க எடுப்பீங்களா? அம்மாவக் கொண்டு போன அன்னைக்கு நீங்க பாதிதான் திரும்பி வந்தீங்க. அந்தப் பாதிய வச்சுத்தான் எனக்குக் கல்யாணம் பண்ணீங்க, எல்லாம் பண்ணீங்க. இன்னொரு தடவை அப்படி நடந்தா மிச்சமும் வராதுப்பா. எனக்கு ஒண்ணும் ஆகாதுதான். ஆனா அந்த ரோட்டுல, வலியில நான் கத்துறத நீங்க கேட்டுக்கிட்டே ஓட்ட வேண்டாம்னு பாத்தேன். அவ்வளவுதான்."

ஜக்கையன் நிலையை விட்டார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மகளுக்கு முன்னால் அவர் அழுததில்லை. போதுமணியைத் தூக்கின அன்றைக்குக்கூட ஒரு ஓரமாகப் போய்த்தான் அழுதார். கௌமாரி எட்டி அவர் முதுகில் கை வைத்தாள்.

எங்கோ கீழே ஒரு லாரி முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் வளைவில் மறைந்து, மறுபடி கேட்டது.

ஜக்கையன் துண்டை எடுத்தார்.

"வலி எடுத்த பிறகு ஓட்டுனாத்தான எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது."

"ஆமா."

"வலி எடுக்காதப்பவே கீழ போயிட்டா?"

"கீழ எங்க?"

"எங்கயா? நம்ம வீட்டுக்கு. அங்கருந்து ஆஸ்பத்திரி சம ரோடுதான. இப்பவே போவோம். வெளிச்சம் இருக்கு. ஊர்ந்துக்கிட்டே போவோம்."

கௌமாரி புடவை முந்தானையை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"வீட்டுல பொம்பளையாள் இல்லைன்னு வளைகாப்பு அன்னைக்குச் சபையில வச்சுச் சொன்னீங்களேப்பா."

"சொன்னேன்."

"இப்ப மட்டும் யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. நான் இருக்கேன்." ஜக்கையன் கையை விரித்துக் காட்டினார். "பத்தியச் சோறு எனக்கு ஆக்கத் தெரியாது. நீ பக்கத்துல உக்காந்து சொல்லு, நான் செய்றேன். மொத ரெண்டு நாள் வாயில வைக்க முடியாம இருக்கும். பொறுத்துக்க. பிள்ளையக் குளிப்பாட்டப் பக்கத்து வீட்டு ஆண்டிச்சிப் பாட்டியைக் கூப்பிட்டுக்கலாம், கூப்பிட்டா வரும். மத்ததெல்லாம் பாத்துக்கலாம். பாதியோ முழுசோ, இருக்குற ஆளு நான்தான்."

கௌமாரி சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வழிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"அவுககிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்."

"மாப்பிள்ளைகிட்ட நான் பேசுறேன். சம்பந்தியம்மா வரட்டும், அவங்ககிட்டயும் முறையாக் கேக்குறேன். நீ அதுக்குள்ள துணிமணிய எடுத்து வை. அவசரமில்ல, மெதுவாப் பெட்டியக் கட்டு. நான் உக்காந்திருக்கேன்."

"கதவுக்குப் பின்னாடி இருக்கு பாருங்கப்பா," என்றாள் கௌமாரி. "வளைகாப்பு அன்னைக்கே கட்டிட்டேன்."